காற்றுக்கு வழிவிடும் பந்தல்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கேட்பதற்குச் சிறியது. வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற பத்தடி, பதினைந்தடிக் கொல்லைக்கு நிழல் அமைப்பது எப்படி? இதுதான் கேள்வி. ஆனால் இந்தக் கேள்விக்குத் தவறான விடை சொன்னால் என்ன நேரும் என்பதை நம் மாவட்டம் பலமுறை பார்த்திருக்கிறது. பங்குனி பிறந்துவிட்டால் நம் கொல்லைகள் காலை ஒன்பது மணிக்கே காலியாகிவிடுகின்றன. துணி காயப்போடுவதற்கும் பாத்திரத்தைக் கவிழ்த்துவைப்பதற்கும் தவிர, மாலை ஐந்து மணி வரை அங்கே யாருக்கும் வேலையில்லை. பாட்டி உட்கார்ந்து கீரை ஆய்வதில்லை, பிள்ளைகள் விளையாடுவதில்லை. வீட்டுக்குச் சொந்தமான ஓர் இடம் ஆண்டில் ஐந்து மாதம் நமக்குப் பயன்படாமலே போகிறது. இதை மீட்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் இரும்பு ஷீட் போட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துப் பெர்கோலா என்ற பெயரில் மரச்சட்டங்களை நிறுத்துகிறார்கள். இரண்டும் நம் வெயிலுக்கும் நம் காற்றுக்கும் பொருந்தவில்லை என்பது என் வாதம். நமக்கு வேண்டியது நிழல், கூரை வேண்டியதில்லை. வெயிலை மறித்துக் காற்றுக்கு வழிவிடும் பந்தலே திருச்சிக் கொல்லைக்கு ஏற்றது. இந்த ஒரு கருத்தைத்தான் இன்று உங்கள் முன் நிறுவப் போகிறேன்.

ஷீட் கூரை நம்மிடம் எப்படி வந்தது? அதை முதலில் நேர்மையாகப் பார்க்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக நமக்கு நிழல் தந்தது தென்னங்கீற்று. சவுக்குக் கம்பு நட்டு, மூங்கில் கட்டி, முடைந்த கீற்றை வேய்ந்தால் ஒரே நாளில் பந்தல் நின்றுவிடும். கீற்றுக்குக் கீழே சூடு இறங்காது, காற்று நுழையும். ஆனால் கீற்றுக்கு ஒரு கொடிய எதிரி உண்டு. 2004-ஆம் ஆண்டு ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பற்றியது. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். ஆறு மாதத்துக்குள் நடந்த இந்த இரண்டு தீ விபத்துகளும் காவிரிக் கரை மக்களின் மனத்தை மாற்றிவிட்டன. பள்ளிகளிலும் மண்டபங்களிலும் கீற்று இறக்கப்பட்டது. அது இறக்கப்பட வேண்டியதுதான். மக்கள் கூடுகிற இடத்தில் காய்ந்த ஓலைக்கு இடமில்லை. இதில் மறுபேச்சுக்கே இடமில்லை. கீற்று போன இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் ஷீட். ஆகவே ஷீட் போட்டவர்களைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. தீக்கு அஞ்சி அவர்கள் எடுத்த முடிவு அது. நான் கேட்பதெல்லாம் இதுதான்: தீயிலிருந்து தப்பிய நாம் வெயிலிலிருந்து தப்பினோமா? காற்றிலிருந்து தப்பினோமா?

முதலில் வெயில். மே மாதத்தில் நம் ஊரின் நிழல் வெப்பமே 40 டிகிரியைத் தாண்டும் நாள்கள் பல. அந்த வெயிலில் கிடக்கும் இரும்பு ஷீட் 60 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. சூடேறிய இரும்பு சும்மா இருக்குமா? மேலே வாங்கிய வெப்பத்தைக் கீழே கதிராக வீசுகிறது. அதன் அடியில் நிற்பவர் சூரியனைப் பார்க்காமல் இருக்கலாம். சூரியனின் சூட்டிலிருந்து அவர் தப்பவில்லை. ஷீட்டுக்குக் கீழே ஃபேன் போட்டால் அது வெந்த காற்றையே சுழற்றித் தருகிறது. இதற்கு நேர் எதிராக ஓர் இலையை எண்ணிப் பாருங்கள். இலை வெயிலை வாங்குகிறது. ஆனால் வேர் வழியாக வந்த நீரை ஆவியாக்கி அந்தச் சூட்டைச் செலவழித்துவிடுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் தெரியுமா? மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கொடி ஒரு நாளில் சில லிட்டர் நீரை ஆவியாக்கினால், அதற்கு ஈடான சூட்டை அது நம் தலைக்கு மேலேயே தடுத்துவிடுகிறது என்று பொருள். இதனால்தான் வேப்பமரத்தடியின் நிழலும் தகரக் கொட்டகையின் நிழலும் ஒன்றாக இருப்பதில்லை. நீர் பாய்ச்சிய கொடியின் இலை ஏறக்குறைய சுற்றியுள்ள காற்றின் வெப்பத்திலேயே நிற்கிறது. ஷீட் அதைவிட இருபது டிகிரி ஏறி நிற்கிறது.

அடுத்தது காற்று. திருச்சியிலிருந்து கடல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. நமக்கு ஏது புயல் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கஜா புயலை நினைத்துப் பார்க்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய அந்தப் புயல் கரையோடு நிற்கவில்லை. திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைச் சூறையாடிவிட்டுத் திண்டுக்கல் பக்கம் போனது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதியில் இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. கூரைகள் வீடு வீடாகப் பறந்தன. அந்தப் புதுக்கோட்டை, நாம் அமர்ந்திருக்கும் மன்னார்புரத்திலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரம். புயலை விடுங்கள். சித்திரை, வைகாசியில் மாலை நான்கு மணிக்குத் திடீரென்று கறுத்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருகிறதே இடிமழைக் காற்று, அதற்கு முன்னறிவிப்பு உண்டா? ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து கரூரைத் தாண்டி நம் ஊர் வரை ஓயாமல் வீசும் மேல்காற்று இருக்கிறதே, அதற்கு ஓய்வு உண்டா? ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வைத்தவர்கள் நம் முன்னோர்கள். லால்குடியிலும் தொட்டியத்திலும் வாழை போட்டிருக்கும் விவசாயியைக் கேளுங்கள். தார் விட்ட ஒவ்வொரு மரத்துக்கும் அவர் ஏன் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுக்கிறார்? காற்றின் கணக்கு அவருக்குத் தெரியும். அந்தக் கணக்கு நம் வீட்டுக் கொல்லைக்கு மட்டும் பொருந்தாதா?

அந்தக் கணக்கைத்தான் இப்போது போட்டுப் பார்ப்போம். கட்டடங்கள் தாங்க வேண்டிய காற்று விசையை வரையறுக்கும் இந்தியத் தர நிர்ணயம் ஒன்று இருக்கிறது, ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. அதில் திருச்சிக்குக் குறித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 47 மீட்டர்; அதாவது மணிக்கு ஏறத்தாழ 169 கிலோமீட்டர். 50 ஆண்டுக்கு ஒருமுறையாவது எதிர்பார்க்கத் தக்க வீச்சு அது. காற்றின் விசைக்கு ஒரு குணம் உண்டு: வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று ஒரு சதுர மீட்டரில் 12 கிலோ அளவுக்கு அழுத்தும். 100 கிலோமீட்டரில் அது 47 கிலோ. 169 கிலோமீட்டரில் 135 கிலோ. வீடுகள் நெருங்கிய தெருவில் தரையை ஒட்டி வேகம் குறையும் என்பது உண்மை. கூரையின் வடிவத்தால் விசை கூடும் என்பதும் உண்மை. இப்போது பத்தடிக்குப் பத்தடி ஷீட் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 9.3 சதுர மீட்டர். அரை மில்லிமீட்டர் கனமுள்ள ஷீட்டின் எடை ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோகூட வராது. முழுக் கூரைக்கும் 50 கிலோவுக்குள் அடங்கிவிடும். 100 கிலோமீட்டர் காற்று அதன் அடியில் புகுந்தால் மேல் நோக்கித் தள்ளும் விசை 430 கிலோவைத் தாண்டும். நான்கு காலுக்குப் பங்கிட்டால் கால் ஒன்றுக்கு 108 கிலோ. வழக்கமாக ஓரடிக்கு ஓரடிக் குழி தோண்டிக் கான்கிரீட் போட்டுக் காலை நிறுத்துகிறார்கள். ஒரு கன அடி கான்கிரீட்டின் எடை எவ்வளவு? 68 கிலோ. காற்று இழுப்பது 108, நாம் பிடித்து வைத்திருப்பது 68. கூரை பறக்காமல் என்ன செய்யும்? மூடிய கூரை பாய்மரக் கப்பலில் விரித்த பாய்க்குச் சமம். கப்பலுக்குப் பாய் வேண்டும். காரணம், கப்பல் நகர வேண்டும். வீடு நகர வேண்டுமா?

பறந்து போகும் ஷீட் நம் வீட்டு நட்டத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விளிம்பு கூர்மையான அந்தத் தகடு அடுத்த வீட்டு மாடியிலும், தெருவில் போகும் மின்கம்பியிலும், வண்டியில் போகிறவர் மேலும் விழுகிறது. நம் நிழலுக்காக நாம் போட்ட கூரை, நம்மை அறியாத ஒருவருக்கு ஆயுதமாகிவிடுகிறது. ஆகவே இதை வெறும் வீட்டு விவகாரம் என்று யாரும் ஒதுக்க முடியாது. நெருங்கி வாழும் நகரத்தில் ஒருவர் கொல்லையில் போடுகிற போல்ட்டின் உறுதி, அந்தத் தெருவின் பாதுகாப்புக்கே பொறுப்பு.

அப்படியானால் வழி என்ன? வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நம் வயல்களில் நின்றுகொண்டிருக்கிறது. குளித்தலை, லாலாபேட்டைப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நடந்து பாருங்கள். அங்கே கூரை ஏது? வரிசை வரிசையாக அகத்தி நிற்கிறது. அகத்தியைப் பற்றிக்கொண்டு வெற்றிலை ஏறுகிறது. அகத்தியின் இலை சின்னஞ்சிறியது. வெயிலை வடிகட்டி விடும், காற்றைத் தடுக்காது. வெளியே அனல் பறக்கும்போது கொடிக்காலுக்குள் மெல்லிய வெற்றிலை வாடாமல் நிற்கிறது. இதைவிட நாசூக்கான நிழலை எந்தப் பொறியாளர் வரைந்து தர முடியும்? இன்னும் தெற்கே கம்பம் பள்ளத்தாக்குக்குப் போனால் பன்னீர்த் திராட்சைப் பந்தல்கள். கல்கால் நட்டு, மேலே இரும்புக் கம்பியைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். மேலே கொடி, கீழே நிமிர்ந்து நடக்க இடம். கம்பிக்கு இடையே காற்று தாராளமாகப் போய் வருகிறது. புடலையும் பீர்க்கும் பாகலும் போடுகிற பந்தல் விவசாயியும் இதே முறையைத்தான் கையாள்கிறார். கூரையின் பரப்பில் பாதி திறந்திருந்தால் காற்றுக்கு அகப்படும் பரப்பும் பாதியாகிறது. அதோடு, மேலேயும் கீழேயும் அழுத்தம் சமப்பட்டுவிடுவதால் தூக்கி எறியும் விசை தளர்ந்துபோகிறது. விவசாயியின் பந்தல் காற்றோடு மல்லுக்கு நிற்பதில்லை. நம் கொல்லைப் பந்தலுக்கும் இதுவே இலக்கணம்.

மரச்சட்டப் பெர்கோலா போடுகிறவர்களும் இதைத்தானே செய்கிறார்கள், அதுவும் திறந்த அமைப்புதானே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அந்தப் படங்கள் எந்த நாட்டில் எடுத்தவை என்று பாருங்கள். லண்டனில் நடுக்கோடையிலும் சூரியன் உச்சிக்கு வருவதில்லை. ஆண்டு முழுவதும் தெற்கே சாய்ந்தே போகிறது. சாய்ந்து வரும் வெயிலுக்குச் செங்குத்தாக நிற்கும் சட்டம் நிழல் தரும். நாம் இருப்பது வடக்கே 10.8 டிகிரி அட்சத்தில். ஏப்ரல் 18-ஐ ஒட்டி ஒருமுறையும், ஆகஸ்ட் 25-ஐ ஒட்டி ஒருமுறையும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அந்தச் சித்திரை வெயில் செங்குத்துச் சட்டங்களின் இடைவெளியில் தங்குதடையின்றி இறங்கிவிடும். அது மட்டுமா? சூரியன் அந்த நாள்களில் நேர் கிழக்கிலிருந்து நேர் மேற்குக்கு ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே நடக்கிறது. சட்டங்களைக் கிழக்கு மேற்காகப் போட்டால், காலை முதல் மாலை வரை வெயில் சட்டத்துக்கு இணையாகவே போகும்; நாள் முழுக்க நிழல் கிடையாது. ஆகவே சட்டங்கள் தெற்கு வடக்காக ஓட வேண்டும். நிற்கவைக்காமல் 45 டிகிரி சாய்க்க வேண்டும். அவற்றின் முகம் மேற்கு வானைப் பார்க்க வேண்டும். நாலங்குலப் பட்டையை இப்படிச் சாய்த்து மூன்றங்குலத்துக்கு ஒன்றாக அடுக்கினால், உச்சி வெயில் பத்தில் ஒன்பது பங்கு மறிபடும். பிற்பகல் வெயில் முழுதும் மறிபடும். காலை ஒன்பது மணி வெயில் மட்டும் இடுக்கு வழியே நுழைந்து தரையை உலர்த்தும். ஆடியின் மேல்காற்றும் இந்தச் சாய்வைத் தூக்காது, கீழ் நோக்கியே அழுத்தும். கார்த்திகைப் புயல் காலத்தில் காற்று வேறு திசையிலிருந்து வரும். அப்போது இதே சாய்வு பாதகமாகலாம். அதனால் பட்டைகளை ஒரேயடியாகப் பற்றவைத்துவிடாமல், போல்ட்டைத் திருகிக் கழற்றி எடுக்கும்படி அமைப்பதே அறிவுடைமை.

இனி, பந்தலை நிறுத்தும் முறை. பத்தடிப் பந்தலுக்கு நான்கு கால். கால் கருங்கல்லாக இருக்கலாம். துத்தநாகம் பூசிய மூன்றங்குலச் சதுரப் பைப்பாக இருக்கலாம். மரக்காலை மண்ணில் நேரே புதைத்தால் கரையானுக்குப் படையல் வைத்தது போலாகும்; மரம்தான் வேண்டும் என்றால் தரைக்கு மேலே இரும்புக் காலணி போட்டு நிறுத்துங்கள். குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழம் இரண்டரை அடி. அதில் நிரம்பும் கான்கிரீட்டின் எடை 380 கிலோ. முன்பு போட்ட கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தர நிர்ணயம் சொல்லும் 169 கிலோமீட்டர் காற்று, மூடிய கூரையைக்கூட, ஒரு காலுக்கு 314 கிலோ அளவில்தான் இழுக்கும். அப்படியிருக்க, திறந்த பந்தலை இந்த அடித்தளம் எளிதாகப் பிடித்து வைத்திருக்கும். காஜாமலைப் பக்கம் போல் பாறையும் சரளையும் கண்ட இடத்தில் இந்த ஆழமே போதும். ஸ்ரீரங்கம் தீவில் ஆற்று மணலும் வண்டலும் நெகிழ்ந்து கொடுக்கும். அங்கே குழியை இன்னும் அகலமாக்கிப் பொறியாளர் ஒருவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. காலும் உத்திரமும் சேரும் மூலையில் சாய்வு முட்டு அவசியம்; காற்று தூக்குவதோடு பக்கவாட்டிலும் தள்ளும். வெல்டிங் செய்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும். அங்கே பிரைமர் அடிக்காமல் விட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். பெல் தொழிற்சாலையும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிற ஊர் இது. துவாக்குடி வரை பட்டறைகள் நிறைந்த ஊர் இது. நல்ல கைக்கு நமக்குப் பஞ்சமில்லை. எப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்கத் தெரிந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் பஞ்சம்.

பந்தலின் மேல் எதைப் படரவிடுவது? இங்கேதான் நம் பட்டக் கணக்கின் அருமை விளங்குகிறது. புடலை, பீர்க்கு, பாகல் ஆகியவற்றுக்கு ஆடிப் பட்டம் உண்டு, தைப் பட்டமும் உண்டு. நிழலுக்காகப் போடுகிறவர்கள் தைப் பட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தையில் விதைத்தால் பங்குனியில் கொடி பந்தலை மூடத் தொடங்கும். சித்திரையிலும் வைகாசியிலும் முழு நிழல். ஏறத்தாழ 140 நாளில் காய்த்து ஓய்ந்து, ஆனி ஆடியில் கொடி தானே வற்றிவிடும். எந்த மாதத்தில் வெயில் கொளுத்துகிறதோ அந்த மாதத்தில் இலை இருக்கிறது. ஆடிக்காற்றும் கார்த்திகைப் புயலும் வரும்போது பந்தல் வெறுங்கம்பியாக நிற்கிறது. எந்த இரும்புக் கூரை இப்படி மாதம் பார்த்துத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும்? ஆண்டு முழுவதும் கொடி வேண்டும் என்பவர்கள் முல்லை வைக்கலாம், சங்குப்பூ வைக்கலாம், கோவை வைக்கலாம்; ஆனால் புரட்டாசி பிறந்ததும் கவாத்து செய்து பாரத்தைக் குறைத்துவிட வேண்டும். கொடி வளரும் வரை பச்சை வலை கட்டுகிறவர்கள் அதைக் கயிற்றால் கட்டி, வானம் கறுத்தால் ஐந்து நிமிடத்தில் சுருட்டும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு: மழை ஒழுகுமே! ஆம், ஒழுகும். ஆனால் கொல்லையில் நமக்குப் பெரிய தொல்லை எது? நம் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வெயிலோ பங்குனியிலிருந்து ஆவணி வரை நீள்கிறது. சில வார மழைக்காகப் பல மாத வெப்பத்தைச் சுமப்பது என்ன கணக்கு? வாஷிங் மெஷினுக்கோ அடுப்புக்கோ நனையாத இடம் தேவையென்றால், சுவரை ஒட்டி மூன்றடிக்குக் கான்கிரீட் சன்ஷேடு இறக்குங்கள். அந்த மூன்றடிக்காக முழுக் கொல்லையையும் மூட வேண்டியதில்லை. மண்ணில் விழும் மழை நிலத்தடிக்குப் போகட்டும்; அதுவும் நமக்கு வேண்டியதே.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. நன்றாக போல்ட் போட்டு இறுக்கினால் ஷீட் ஏன் பறக்கப் போகிறது என்று கேட்கிறார்கள். முறைப்படி கணக்கிட்டு, முறைப்படி அடித்தளமிட்டு அமைத்த ஷீட் கூரை நிற்கும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் போல்ட்டுக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று கூர்ந்து பாருங்கள். காற்று ஒரே சீராக இழுப்பதில்லை. இழுத்து விடுகிறது, இழுத்து விடுகிறது. ஒவ்வோர் இழுப்பிலும் போல்ட்டின் வாஷருக்கு அடியில் தகடு மடங்கி நிமிர்கிறது. வட்டமாக இருந்த துளை நீள்வட்டமாகிறது; விளிம்பில் மயிரிழை போல் கீறல் விடுகிறது; ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து உதிர்கிறது; துளையைச் சுற்றித் துரு வட்டமிடுகிறது. கடைசியில் போல்ட் உத்திரத்திலேயே இருக்க, தகடு மட்டும் கிழித்துக்கொண்டு போகிறது. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துப் படித்தது. 1974-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இரவில் டிரேசி புயல் அந்நகரின் கட்டடங்களில் 70 விழுக்காட்டுக்கும் மேலானவற்றை நாசமாக்கியது. ஆராய்ந்தபோது, காற்றின் தொடர் இழுப்பில் தகரக் கூரைகள் இணைப்புகளை ஒட்டித் தளர்ந்து கிழிந்தது பெரிய காரணமாகத் தெரிந்தது. அதன்பின் அந்நாட்டின் கட்டட விதிகளே மாறின. போல்ட் போட்டுவிட்டேன் என்பதோடு கடமை தீர்ந்துவிடாது. ஆண்டுதோறும் ஏறிப் பார்க்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் ஏறிப் பார்க்கிறோம்? அப்படிப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றினாலும் சித்திரை வெயிலில் அது தரப்போவது அனலைத்தானே?

மூன்றாவது மறுப்பைப் பெண்கள்தான் எழுப்புவார்கள். குப்பையை அள்ளுவது பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. இலை கொட்டும், பூச்சி வரும், பாம்பு வரும் என்கிறார்கள். இலை கொட்டும், அது மண்ணுக்கு உரம், அதைக் கூட்டுவது வீட்டில் எல்லாருக்கும் பொதுவான வேலை. பாம்பு வருவது எலிக்காகவும் ஒளியிடத்துக்காகவும். தரையில் உடைந்த ஓடும் பழைய மரமும் குவிந்து கிடக்கும் கொல்லைக்குத்தான் அது முதலில் வரும். கால்களின் அடியைச் சுத்தமாக வைத்து, பந்தலுக்கும் சன்னலுக்கும் இடையே இரண்டடி இடைவெளி விட்டால் அந்தப் பயம் பெருமளவு தீரும். தண்ணீருக்கு எங்கே போவது என்றால், அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீருமே இரண்டு கொடிகளுக்குப் பெரும்பாலும் போதும். நான்காவதாக, தீ. இதில் யாரும் அலட்சியம் காட்டக்கூடாது. பச்சைக் கொடி எளிதில் பற்றாது. வற்றிய கொடி பற்றும். காய்ப்பு ஓய்ந்ததும் காய்ந்த கொடியை இறக்கிவிடுங்கள். பந்தல் கம்பியில் மின்கம்பியைச் சுற்றாதீர்கள். பந்தலுக்கு அடியில் விறகடுப்பு மூட்டாதீர்கள். ஸ்ரீரங்கத்தில் போன உயிர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய குறைந்தபட்சக் கடன் இது.

கொல்லை இல்லாதவர்கள் மொட்டை மாடியில் போடலாமா என்று கேட்பீர்கள். அங்கே காற்று கூடுதல், மறைப்பதற்குச் சுவரில்லை, மண் இல்லாததால் எடையுள்ள அடித்தளமும் இல்லை. தட்டோட்டில் இரண்டங்குல ஆணியடித்து நிறுத்திய எதுவும் காற்றில் நிற்காது, தளமும் ஒழுகும். பொறியாளரின் கணக்கில்லாமல் மாடியில் எதையும் நிறுத்தாதீர்கள். தொட்டிச் செடிகளோடும், அவிழ்த்துச் சுருட்டும் வலையோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். அதுபோலவே 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், வீட்டைச் சுற்றி விட வேண்டிய இடைவெளியை வகுத்திருக்கின்றன. வெளிச்சமும் காற்றும் ஆபத்தில் உதவிக்கு வருகிறவர்களும் நுழைவதற்கான இடம் அது. அதை மூடிக் கூரை போடும் எண்ணமே வேண்டாம். பந்தல் போடும் முன்பும் மாநகராட்சி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நமக்கும் நல்லது, அண்டை வீட்டாருக்கும் நல்லது.

பெரியோர்களே, தாய்மார்களே, ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கீற்று நிழல் தந்தது, தீயில் தோற்றது. ஷீட் தீயை வென்றது, வெயிலிலும் காற்றிலும் தோற்றது. கல்காலும் கம்பியும் கொடியும் சேர்ந்த பந்தல், கவனத்தோடு காத்தால், மூன்றையும் தாங்கும். அதற்கு வேண்டிய பொருள் நம் சந்தையில் கிடைக்கிறது. வேண்டிய கை நம் பட்டறையில் இருக்கிறது. வேண்டிய அறிவு நம் கொடிக்காலில் இருக்கிறது. ஏற்கெனவே ஷீட் போட்டிருப்பவர்கள் இந்த வாரமே ஒருவரை ஏற்றி ஒவ்வொரு போல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். துளை விரிந்த தகட்டை இறக்கிவிடுங்கள். புதிதாகப் போட நினைப்பவர்கள், பட்டறைக்காரர் ஓரடிக் குழி போதும் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒன்றரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம் என்று நீங்களே அளந்து காட்டுங்கள். மார்கழிக்குள் கால் நட்டு, தையில் விதை ஊன்றுங்கள். வருகிற சித்திரையில் உங்கள் கொல்லை உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.